எக்ஸ்மோடம் 17-வது பிளாக்கில் நின்றால் கேபிளை மாற்றாதீர்கள்

என்னிடம் ஒரு பழைய 386 பிசி இருக்கிறது. டாஸ் இயங்குதளம், டெலிக்ஸ் என்ற மோடம் மென்பொருள், தொலைபேசிக் கம்பியில் கணினிகளைப் பேச வைக்கும் ஒரு வெளிப்புற மோடம் (விநாடிக்கு 14,400 பிட்). எதிர்ப்பக்கம் ஒரு லினக்ஸ் பெட்டி, அதற்கும் அதே வகை மோடம். நடுவில் தொலைபேசி லைன் எல்லாம் கிடையாது, பழைய சாமான் கடையில் வாங்கிய இன்டர்காம் எக்ஸ்சேஞ்சின் இரண்டு எக்ஸ்டென்ஷன்தான். (அதன் டயல் டோனை மோடம் டயல் டோனாகவே மதிக்காது, ஏடிஎக்ஸ்3 என்ற மோடம் கட்டளை கொடுத்தால் காத்திருக்காமல் டயல் செய்யும்.)

386-இலிருந்து சாதாரண உரைக் கோப்பு ஒன்றை எக்ஸ்மோடமில் அனுப்பினேன், அதாவது கோப்பைத் துண்டு துண்டாக (பிளாக்) அனுப்பும் பழைய புரோட்டோகாலில். 16 பிளாக் கடகடவென்று போனது, 17-வதில் நின்றது. பத்து தடவை திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. கேபிளை மாற்றினேன், 17. வேகத்தை 2400-க்கு இறக்கினேன், 17. மோடம் இரண்டையும் இடம் மாற்றினேன், அப்போதும் 17. இரண்டு மோடத்திலும் ஒரே அமைப்பைச் சேமித்து வைத்திருந்தது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. ஒரு முழு ராத்திரி போனது. காரணத்தைக் கீழே சொல்கிறேன், ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு நான் முதலில் கேட்கும் கேள்வி மாறிவிட்டது: எவ்வளவு வேகம், என்ன கேபிள் என்று இல்லை, எங்கே நின்றது என்று. எல்லாரும் லைன் இரைச்சலைத் திட்டுவார்கள். இரைச்சலாக இருந்தால் நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் நடுவில் யாரோ ஒரு குறிப்பிட்ட பைட்டைத் தின்கிறார்கள்.

எக்ஸ்மோடம் பிளாக் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். 1977-இல் வார்ட் கிறிஸ்டென்சன் சிபி/எம் என்ற இயங்குதளம் ஓடும் கணினிக்காக எழுதியது. அடுத்த வருடம் சிகாகோவில் ராண்டி சூஸுடன் சேர்ந்து சிபிபிஎஸ் என்ற முதல் புல்லட்டின் போர்டை (மோடத்தில் அழைத்துச் செய்தியும் கோப்பும் பரிமாறும் கணினி) ஓட்டியவரும் அவர்தான். சிபி/எம் வட்டில் ஒரு ரெக்கார்டு 128 பைட், அதனால் பிளாக்கும் 128 பைட். முன்னால் மூன்று பைட்: தொடக்கக் குறியாக 1, பிளாக் எண், அதே எண்ணை 255-இலிருந்து கழித்தது. பின்னால் ஒரு செக்சம் பைட், அதாவது பிழை பார்க்கும் கூட்டுத்தொகை. மொத்தம் 132. வாங்குபவர் சரி என்றால் 6 அனுப்புவார், தப்பு என்றால் 21. சரி வந்த பிறகுதான் அடுத்த பிளாக் கிளம்பும். எல்லாம் முடிந்தால் அனுப்புபவர் 4 அனுப்புவார். அவ்வளவுதான், ஒரு சனி ஞாயிறில் நீங்களே எழுதிவிடலாம். அந்த எளிமையால்தான் அது எல்லா மென்பொருளிலும் நுழைந்தது, அந்த எளிமையால்தான் இத்தனை தொல்லையும்.

தொடங்கவே இல்லை

திரையில் சில நொடிக்கு ஒரு தடவை ‘சி’ எழுத்து விழுகிறதா? அல்லது § குறி விழுகிறதா? எதிர்ப்பக்கம் உங்களிடமிருந்து கோப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது. § என்பது 21-ஆம் எண், டாஸ் திரையில் அப்படித்தான் தெரியும், பத்து நொடிக்கு ஒரு தடவை வரும். ‘சி’ என்றால் செக்சம் வேண்டாம், சிஆர்சி என்ற இன்னும் கறாரான பிழைச்சோதனை முறையில் அனுப்பு என்று கேட்கிறது. நீங்கள் இன்னும் அப்லோடு தொடங்கவில்லை, அல்லது அங்கே மெனுவில் டவுன்லோடுக்குப் பதில் அப்லோடைத் தேர்ந்துவிட்டீர்கள். இரண்டில் ஒன்று.

இரண்டு நட்சத்திரக் குறி, அப்புறம் ஒரு ‘பி’, அதன் பின்னால் வரிசையாகச் சுழியங்கள் வருகின்றனவா? அது இசட்மோடம் என்ற பிந்தைய புரோட்டோகாலின் அழைப்பு. எதிர்ப்பக்கம் அனுப்பத் தயார், உங்கள் மென்பொருளில் தானாக வாங்கும் வசதி அணைந்திருக்கிறது. கையால் டவுன்லோடைத் தட்டி இசட்மோடமைத் தேர்ந்தால் போதும். சுழியங்களுக்கு முன்னால் 01 என்று இருந்தால் தலைகீழ்: அது வாங்கக் காத்திருக்கிறது, நீங்கள் அனுப்ப வேண்டும்.

திரையில் எதுவுமே இல்லை, தட்டச்சு செய்தாலும் எதிர்ப்பக்கம் போகவில்லை என்றால் அது புரோட்டோகால் கதையே இல்லை. மோடம் இல்லாமல் இரண்டு கணினியை நேராக இணைத்திருப்பவர்களுக்கு இது நிறைய நடக்கும்: கேபிளில் மூன்று கம்பிதான் இருக்கும், அமைப்பில் ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோல் (‘நிறுத்து, தொடரு’ என்பதைத் தனிக் கம்பியில் சொல்வது) போட்டிருப்பார்கள். அனுப்பலாம் என்று சொல்லும் கம்பியே அங்கே இல்லை, மென்பொருள் அதற்காகக் காலமெல்லாம் காத்திருக்கும். அணைத்துவிடுங்கள்.

மாட்டிக்கொண்டு வெளியே வரமுடியவில்லை என்றால் கண்ட்ரோல்-எக்ஸ் ஐந்தாறு தடவை வரிசையாகத் தட்டுங்கள். எக்ஸ்மோடமும் இசட்மோடமும் அதை ரத்து என்று புரிந்துகொள்ளும்.

முதல் பிளாக்கிலேயே அடி

மெனு படிக்க முடிகிறது, கோப்பு மட்டும் முதல் பிளாக்கே ஏறவில்லை. அநேகமாக 7 பிட், ஈவன் பாரிட்டி என்ற அமைப்பு, அதாவது எழுத்துக்கு ஏழு பிட், எட்டாவது பிழை பார்க்க. பெரிய கணினி நிலையங்களும் காம்ப்யூசர்வ் மாதிரி சேவைகளும் அந்தக் காலத்தில் அப்படித்தான் பேசின, புல்லட்டின் போர்டுகள் 8 பிட், பாரிட்டி இல்லாமல். எக்ஸ்மோடமுக்கு எட்டு பிட்டும் வேண்டும், பேரமே கிடையாது: முதல் பிளாக்கின் எண் 1, அதன் ஜோடி 254, எட்டாவது பிட் இல்லாத பாதையில் 254 எப்படிப் போகும்? ஒரு பக்கம் மட்டும் 7 பிட்டில் இருந்தால் திரையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம், பாதி எழுத்து சரியாக இருக்கும், பாதி கோணல்மாணலாக இருக்கும்.

பாதையே 7 பிட்தான், மாற்ற வழியில்லை என்றால் கெர்மிட் என்ற புரோட்டோகாலுக்குப் போங்கள். 1981-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் டா குரூஸும் பில் கேச்சிங்ஸும் இந்த மாதிரி முரட்டுப் பாதைகளை மனதில் வைத்தே அதை எழுதினார்கள். கட்டுப்பாட்டு எழுத்துகளையும் எட்டாவது பிட்டையும் சாதாரண எழுத்துகளாக மாற்றி அனுப்பும். இரண்டு பக்கமும் பாரிட்டி ஈவன் என்று கெர்மிட்டுக்கே சொல்லிவிட வேண்டும், அதுதான் நிறைய பேர் விட்டுவிடுவது. மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும்.

எட்டு பிட்டும் சரி, இருந்தும் முதல் பிளாக்கில் சண்டை என்றால் பெயர்க் குழப்பத்தைச் சந்தேகப்படுங்கள். ஒய்மோடம் என்பது சக் ஃபோர்ஸ்பெர்க் வகுத்தது: முதலில் பூஜ்யம் எண்ணுள்ள பிளாக் ஒன்று கோப்பின் பெயர், அளவு, தேதியைச் சுமந்து வரும். ஆனால் பல மென்பொருள்கள் 1024 பைட் பிளாக் உள்ள வெறும் எக்ஸ்மோடமுக்கே ஒய்மோடம் என்று பெயர் போட்டுவிட்டன. ஒரு பக்கம் பூஜ்யத்தில் தொடங்குகிறது, மறுபக்கம் ஒன்றை எதிர்பார்க்கிறது, எப்படி ஒத்துப்போகும்? மெனுவில் ஒய்மோடம் என்று இருந்து வேலை செய்யாவிட்டால் உங்கள் பக்கம் எக்ஸ்மோடம்-1கே, ஒய்மோடம் பேட்ச் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். இப்போது சின்னச் சர்க்யூட் போர்டுகளில் யூ-பூட் என்ற தொடக்க மென்பொருள் வழியாகக் கோப்பு ஏற்றுபவர்களுக்கும் இதே கதிதான், அங்கே எக்ஸுக்கும் ஒய்க்கும் தனித்தனிக் கட்டளை.

ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்

இப்போது என் 17-க்கு வருகிறேன்.

மோடத்தில் ஏடி&கே4 போட்டிருந்தேன். அதாவது சாஃப்ட்வேர் ஃப்ளோ கண்ட்ரோல்: 19-ஆம் எண் வந்தால் ‘நிறுத்து’, 17 வந்தால் ‘தொடரு’. இந்த இரண்டு பைட்டும் மோடமுக்குச் சொல்லும் கட்டளையாகிவிடும், எதிர்ப்பக்கம் போகாது. உரைக் கோப்புக்குள் 17, 19 எண்ணுள்ள பைட் இருக்காது, அதனால் 16 பிளாக் நிம்மதியாகப் போனது. 17-வது பிளாக்கின் எண் என்ன? 17. மோடம் அதை விழுங்கிவிட்டது. எதிர்ப்பக்கம் 132 பைட்டுக்குப் பதில் 131 கிடைத்தது, காத்திருந்து பார்த்து 21 அனுப்பியது, 386 மறுபடி அதே பிளாக்கை அனுப்பியது, மோடம் மறுபடி அதே பைட்டை விழுங்கியது. பத்து தடவையும் இதே நாடகம். எத்தனை கேபிள் மாற்றினால் என்ன.

அரைகுறைக் கோப்பை மென்பொருள் வைத்திருந்தால் அதன் அளவைப் பாருங்கள். சரியாக 2048 பைட் என்றால் 16 பிளாக் முடிந்திருக்கிறது, வேறு ஆதாரம் வேண்டாம். சில சமயம் செக்சம் பைட் தற்செயலாக 17 அல்லது 19 ஆகி முன்பே நிற்கலாம், ஆனால் 17-ஐத் தாண்டாது. ஜிப் கோப்பு என்றால் எல்லா எண்ணும் உள்ளே கலந்து கிடக்கும், முதல் ஓரிரு பிளாக்கிலேயே முடிந்துவிடும், அப்போது இந்த அடையாளம் தெரியாது. அதனால்தான் சோதனைக்கு எப்போதும் உரைக் கோப்பை அனுப்பச் சொல்கிறேன், ஒரு 40 கிலோபைட்டுக்காவது.

தீர்வு: மோடத்தில் ஏடி&கே3, அதாவது ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோல், டெலிக்ஸிலும் அதற்குப் பொருத்தமானது. எல்லா மோடமும் இந்தக் கட்டளையை ஏற்காது, சில வகையில் எழுத்து வேறு, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு ஏடி&டபிள்யூ கொடுத்துச் சேமியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை மின்சாரம் போய் வந்ததும் பழைய குருடி கதவைத் திறடிதான். இசட்மோடமுக்கு இந்த நோய் வராது, 17, 19 இரண்டையும் அது முகமூடி போட்டுத்தான் அனுப்புகிறது. எக்ஸ்மோடமில் நின்று இசட்மோடமில் போகிறது என்றால் அதுவே ஒரு தடயம்.

இதே குடும்பத்தில் இன்னொரு திருடன் இருக்கிறான், அவனுடைய எண் 255. இப்போது நிறைய பேர் தொலைபேசி லைனுக்குப் பதில் வைஃபை மோடம் என்ற சின்னப் பெட்டியை 386-இல் மாட்டி, டெல்நெட் என்ற இணையப் புரோட்டோகால் வழியாகப் புல்லட்டின் போர்டுகளுக்குப் போகிறார்கள். டெல்நெட்டில் 255 என்பது ‘இனி வருவது கட்டளை’ என்ற குறி. உண்மையான 255-ஐ அனுப்ப வேண்டும் என்றால் இரண்டு தடவை அனுப்ப வேண்டும். ஒரு முனை டெல்நெட் பேசி மறுமுனை வெறும் இணைப்பாக நடந்துகொண்டால் ஒன்று பைட் காணாமல் போகும் அல்லது ஒன்று கூடுதலாக வந்து நிற்கும். எக்ஸ்மோடமில் உரைக் கோப்பு 255-வது பிளாக்கைத் தாண்டவே தாண்டாது. அதற்கு முன்பே சிஆர்சி பைட்டில் ஒரு 255 விழுந்து நிற்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம், நின்றால் ஒவ்வொரு தடவையும் அதே பிளாக்கில் நிற்கும். அழகு என்னவென்றால், ஒய்மோடம் அந்தப் பாதையில் தொடங்கக்கூடச் செய்யாது: அதன் முதல் பிளாக் எண் 0, ஜோடி 255! எக்ஸ்மோடம் பாதி தூரம் போகிறது, ஒய்மோடம் வாசலிலேயே விழுகிறது என்றால் வேறு எங்கேயும் தேடாமல் டெல்நெட் அமைப்பைப் பாருங்கள். இரண்டு முனையும் டெல்நெட் பேசட்டும், அல்லது இரண்டுமே பேசாமல் இருக்கட்டும். இந்தத் திருடனிடம் இசட்மோடமும் தோற்கும், அது 255-ஐ மறைப்பதில்லை.

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில்

முதலில் மோடம் இணைந்தபோது திரையில் வந்த வரியைப் படியுங்கள். வி.42 அல்லது எம்என்பி என்று இருந்தால் இரண்டு மோடத்துக்கும் நடுவில் வரும் இரைச்சலை மோடமே திருத்திவிடுகிறது. அப்புறமும் சிஆர்சி பிழை வருகிறது என்றால் தொலைபேசி லைன்மேல் பழி போடாதீர்கள், பைட் தொலைவது அநேகமாக மோடமுக்கும் கணினிக்கும் நடுவில், அதாவது உங்கள் மேசைமேல்.

பழைய பிசியில் சீரியல் போர்ட் சிப் 8250 அல்லது 16450. வந்த ஒரு பைட்டை வைத்துக்கொள்ளத்தான் அதற்கு இடம். போர்ட் வேகம் 38,400 என்றால் சுமார் 260 மைக்ரோ விநாடிக்கு ஒரு பைட் வந்து விழுகிறது, அதற்குள் செயலி வந்து எடுக்காவிட்டால் அடுத்தது முந்தையதை மிதித்துவிடும். வட்டில் எழுதும் நேரத்திலோ விண்டோஸ் 3.1 வேறு வேலையில் இருக்கும்போதோ செயலி வர மாட்டேன் என்கிறது. 16550ஏ சிப்பில் 16 பைட் வரிசை இருக்கிறது, அந்தச் சின்ன இடமே பெரிய நிம்மதி. (வெறும் 16550-இல் அந்த வரிசை சரியாக வேலை செய்யாது, ‘ஏ’ முக்கியம்.) டாஸ் 6 உடன் வரும் எம்எஸ்டி என்ற சோதனை நிரலை ஓட்டினால் எந்த சிப் என்று சொல்லும். சிப்பை மாற்ற வழியில்லை என்றால் போர்ட் வேகத்தை 19,200-க்கு இறக்குங்கள், விண்டோஸை விட்டு டாஸிலேயே ஓட்டுங்கள், ஸ்மார்ட்டிரைவ் வட்டுக் கேஷின் தாமத எழுத்தை (வட்டில் பிறகு எழுதுவதை) அணைத்துவிடுங்கள். பிழை எண்ணிக்கை வட்டு விளக்கு எரியும்போதெல்லாம் ஏறுகிறதா என்று கண்ணால் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஒய்மோடம்-ஜி பயன்படுத்துபவர்கள் கவனம்: அதில் திருத்தமே கிடையாது, ஒரு பிழை வந்தால் முழுப் பரிமாற்றமும் காலி. திருத்தும் மோடமும் ஹார்டுவேர் ஃப்ளோ கண்ட்ரோலும் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

லைனே அறுந்து போகிறது என்றால் கதை வேறு. அமெரிக்காவில் கால் வெயிட்டிங் வைத்திருந்த வீடுகளில் இது தினசரிச் சண்டை: யாரோ அழைப்பார்கள், டொக் என்று ஒரு சத்தம், மோடம் கேரியர் (எதிர் மோடத்தின் ஒலி) போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடும். எண்ணுக்கு முன்னால் *70 போட்டு டயல் செய்தால் அந்த அழைப்புக்கு மட்டும் வசதி அணையும். அல்லது மோடத்தின் எஸ்10 ரெஜிஸ்டரை, அதாவது கேரியர் போனபின் காத்திருக்கும் நேரத்தை, கூட்டலாம், அது பத்தில் ஒரு விநாடிக் கணக்கு, வழக்கமாக 14. 50 போட்டால் ஐந்து விநாடி பொறுத்துப் பார்க்கும்.

போகிறது, ஆனால் ஆமை வேகம்

புரோட்டோகாலின் சுபாவம் இது. 9600 வேகத்தில் 132 பைட் போக 0.14 விநாடி. எதிர்ப்பக்கத்திலிருந்து ‘சரி’ வந்து சேர அரை விநாடி ஆகிறது என்று வையுங்கள், தகவலைப் பொட்டலம் பொட்டலமாக (பாக்கெட்) அனுப்பும் பிணையங்களில் அது சர்வசாதாரணம். 128 பைட்டுக்கு 0.64 விநாடி, அதாவது விநாடிக்கு 200 பைட். நீங்கள் காசு கொடுத்தது 960-க்கு. வேகமான மோடம் வாங்க வாங்க இந்த நட்டம் கூடுமே தவிரக் குறையாது. டெலிபிட் நிறுவனத்தின் டிரெயில்பிளேசர் மோடம் இதற்காகவே ஒரு தில்லுமுல்லு செய்தது: எதிர்ப்பக்கம் சொல்லும் முன்பே மோடமே உள்ளூரில் ‘சரி’ சொல்லிவிடும்.

1986-இல் ஃபோர்ஸ்பெர்க் டெலிநெட் என்ற பொட்டலப் பிணையத்துக்காக (மேலே சொன்ன டெல்நெட் அல்ல) இசட்மோடம் எழுதியதே இந்தக் காத்திருப்பை ஒழிக்கத்தான். பதிலுக்கு நிற்காமல் ஓட்டிக்கொண்டே இருக்கும், பிழை வந்தால் வாங்குபவர் இந்த இடத்திலிருந்து மறுபடி என்று கேட்பார். இரண்டு பக்கமும் இசட்மோடம் இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். லினக்ஸில் மினிகாம் என்ற மோடம் மென்பொருளை வைத்திருப்பவர்கள், இந்தப் புரோட்டோகால்களைச் செய்யும் எல்ஆர்இசட்எஸ்இசட் தொகுப்பையும் தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம், அது இல்லாமல் மெனு இருக்கும், வேலை நடக்காது.

கெர்மிட் மெதுவாகப் போனால் பொட்டல நீளம் 94-இலேயே கிடக்கிறதா என்று பாருங்கள். வாங்கும் பக்கம் 1000 என்று வைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும். ஜிப் கோப்பு மட்டும் மெதுவாகப் போனால் மோடத்தின் எம்என்பி 5 சுருக்கத்தைச் சந்தேகியுங்கள், ஏற்கெனவே சுருங்கியதை மறுபடி சுருக்கப் போய் அது பெரிதாக்கிவிடும்.

முடிந்தது என்கிறது, கோப்பு சரியில்லை

கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, கடைசியில் வலப்பக்க அம்பு வரிசையாக நிற்கிறது என்றால் பயப்பட வேண்டாம். எக்ஸ்மோடம் கோப்பின் அளவைச் சொல்லாது, கடைசி பிளாக்கை 26-ஆம் எண்ணால் நிரப்பி 128 ஆக்கும். 127 பைட் வரை கூடலாம், 1கே பிளாக்கில் 1023 வரை. பெரும்பாலும் யாருக்கும் கெடுதல் இல்லை. கண்ணை உறுத்தினால் ஒய்மோடமுக்கு மாறுங்கள், அது அளவையும் சொல்லிவிடும்.

சின்னதாக இருக்கிறது, ஆனால் வெற்றி என்று சொன்னது என்றால்தான் கவலை. இரண்டு பிளாக்குக்கு நடுவில் இரைச்சலில் ஒரு 4 வந்து விழுந்தால் முடிந்தது என்று சில பழைய மென்பொருள்கள் நம்பிவிடும். அளவு சரி, உள்ளே மட்டும் கெட்டிருக்கிறது என்றால் செக்சம் முறையில் போயிருக்கும்: அது வெறும் கூட்டல், இரண்டு பைட் இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாது. சிஆர்சி முறையைப் போடுங்கள்.

இசட்மோடமில் ஒரு பொறி. பாதியில் நின்றதைத் தொடரும் வசதி, கோப்பின் பெயரையும் நீளத்தையும் பார்த்து ஒட்டிவிடும். போன மாதம் பாதி இறக்கிய பழைய பதிப்பு அதே பெயரில் கிடந்தால் அதன் வாலில் புதியது ஒட்டிக்கொள்ளும். பழையதை அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கெர்மிட்டில் வாங்கிய ஜிப் திறக்கவில்லை என்றால் உரை முறையில் வந்திருக்கும், வரி முடிவுகளையெல்லாம் மாற்றி வைத்திருக்கும். அனுப்புவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் ‘செட் ஃபைல் டைப் பைனரி’ என்று தட்டிவிட்டு மறுபடி அனுப்புங்கள், வந்து கெட்டதைச் சரிசெய்யப் பார்ப்பது வீண்.